மாலை இருக்கிற வரைக்கும்

பெற்ற பிள்ளையைச் சாமி என்று கூப்பிடுவது லேசான காரியமில்லை. நெட்டுக்குப்பம் பொன்னுரங்கத்துக்கு அது வாயில் வர ஒரு வாரம் பிடித்தது. கார்த்திகை முதல் தேதி மகன் தீபன் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, "இன்னாடா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். மாலை போட்டவன் சின்னவனோ பெரியவனோ, சாமிதான். அவனும் அப்பனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி சாப்டாச்சா?" "ஆச்சு சாமி." இப்படி அப்பனும் மகனும் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டு அந்த ஒற்றை அறை வீட்டில் குறுக்கும் நெடுக்கும் போவதைப் பார்த்து செல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பொன்னுரங்கம் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. ஃபைபர் போட்டைக் கடலில் இறக்கும்போது அம்மனை நினைத்து ஒரு கும்பிடு, வலை நிறைந்து வந்தால் இன்னொரு கும்பிடு, அவ்வளவுதான் அவருக்கும் தெய்வத்துக்கும் இருந்த போக்குவரத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் மகன் மாத்திரைப் பழக்கத்தில் விழுந்தான். வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற மாத்திரைதான். அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற கூட்டம் ஒன்று, எர்ணாவூர்ப் பக்கம் மூடிக்கிடக்கிற ஒரு பழைய ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். இருபத்தோரு வயதுப் பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்துகொண்டான். அதற்கப்புறம் பொன்னுரங்கம் போகாத இடமில்லை. ராயபுரத்தில் ஒரு ஜெபக் கூட்டத்தில் பையன் தலையில் எண்ணெய் தடவினார்கள். தர்காவில் தாயத்து கட்டினார்கள். குறி சொல்கிற அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் காலடியில் போட்டாள். எல்லாச் சாமியும் இரண்டு நாள் வேலை செய்தது, மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டது.

நின்று வேலை செய்தது ஐயப்பன் ஒருத்தர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபன் முதல் தடவை மாலை போட்டபோது நாற்பத்தெட்டு நாள் பிள்ளை தங்கமாக இருந்தான். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை. மலைக்குப் போய்விட்டு வந்தான். மத்தியானம் குருசாமி மாலையைக் கழற்றினார். சாயங்காலம் அவன் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் வாயில் நுரையோடு கிடந்தான்.

பிரசாதம் வாங்கிப்போக அன்று காசிமேட்டிலிருந்து வந்திருந்த பொன்னுரங்கத்தின் அண்ணன் நீலமேகம்தான் அவனைத் தூக்கித் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் போட்டு மிதித்தார். அறுபது வயதில் அந்த மிதி மிதித்தார். பொன்னுரங்கம் வண்டியில் உட்கார்ந்து பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. திருவொற்றியூர் தாண்டிய பிறகுதான் ஒரு சின்னச் சூடு தெரிந்தது. அந்த விரல் இன்னும் எதையும் மறக்கவில்லை.

பிழைத்து வந்தவன் மறுபடி விழுந்தான், மறுபடி எழுந்தான். இந்த வருஷம் ஆடி மாசம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபது நாள் படுத்துவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடியையும் ஊசியையும் விட்டவர்கள் கூடுகிற ஒரு கூட்டத்துக்குப் போனான். ஒரு நாள், அடுத்து இன்னொரு நாள் என்று தாண்டினால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பொன்னுரங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனசுக்குள் அவருக்கு ஒரே கணக்குதான். மாலை இருக்கிற வரைக்கும் பிள்ளை இருப்பான். மாலை இறங்கினால் பிள்ளை போய்விடுவான். ஆகவே மாலை இறங்கவே கூடாது. ஐயப்பன் முடிந்ததும் தைப்பூசத்துக்கு முருகன் மாலை, அது முடிந்ததும் அம்மனுக்குச் சிவப்பு வேட்டி என்று வருஷம் பூராவும் ஏதாவது ஒரு சாமியை மகன் கழுத்தில் தொங்கவிடுவது என்று தீர்மானம் பண்ணி வைத்திருந்தார். சிரிக்காதீர்கள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

மாலை போட்ட இருபத்து நாலாம் நாள் காலை பத்து மணிக்கு, கரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நீலமேகத்தின் மருமகன் பேசினான், சாவியோ என்று பெயர்.

"சின்ன மாமா, மாமா பூட்டாரு. காலைல டீ குடிச்சிகினு இருக்க சொல்லோ நெஞ்ச புடிச்சிகினு சாஞ்சிட்டாரு. சீக்கிரம் வாங்க. தீபன இட்டுனு வாங்க."

நீலமேகத்துக்கு ஒரே பெண், மோகனப்ரியா. ஆண் பிள்ளை கிடையாது. "என் கொள்ளிய தீபன்தான் வெக்கணும், சொல்டேன்" என்று பத்து வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்த மனுஷன். தகப்பன் கடலோடு போனபிறகு பொன்னுரங்கத்தைத் தோளில் போட்டு வளர்த்ததும் அவர்தான்.

அப்படிப்பட்ட அண்ணன் செத்துவிட்டார் என்று காதில் விழுந்ததும் பொன்னுரங்கத்தின் கண்ணில் முதலில் வந்து நின்றது அண்ணன் முகமில்லை, மகனின் கழுத்து. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. தீட்டு வந்தால் மாலையைக் கழற்றியே ஆக வேண்டும், அந்த வருஷம் மலையும் கிடையாது. அழுகை வருகிற இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு ஓடினார். செல்லம்மாவைக் கதவுக்கு உள்ளே இழுத்து விஷயத்தைச் சொன்னார். அவள் "ஐயோ மச்சான்!" என்று வாயைத் திறப்பதற்குள் கையால் பொத்தினார்.

"கத்தாதமே. சாமிக்கு தெரியக்கூடாது."

செல்லம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவள் முகம் வெளுத்தது. "யோவ், இன்னா சொல்ற நீ? தீட்டோட மாலைய போட்டுகினு தெனம் பூஜ பண்ணுமா அது? சாமி கண்ண குத்தும்யா."

"குத்தட்டும். என் கண்ண குத்தட்டும். பெத்த புள்ளைய வுட்டா போதும்."

"நான் சமைக்கிறேனே அந்த சாமிக்கு? என் கையும் தீட்டு தானே?"

"நீ ஒண்ணியும் பேசாத. இன்னும் ரெண்டு வாரம். மலைக்கு போயிட்டு வரட்டும். வந்ததும் முருகன் மாலைய போட்டுட்டு அப்பால சொல்லிக்கலாம்."

தீபன் கன்டெய்னர் யார்டில் வண்டி நம்பர் குறிக்கிற வேலையில் இருந்தான். காலை ஆறு மணிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான், போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது வசதியாகப் போயிற்று. சாவியோவிடம் தீபனுக்குக் காய்ச்சல் என்றார். தெருவில் விஷயம் தெரிந்த நாலு பேர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். பையில் ஒரு மாற்று வேட்டியையும் சட்டையையும் திணித்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனார்.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடி, வாய் கட்டி, மாலையும் கழுத்துமாக இருந்தார். பொன்னுரங்கம் போய்க் காலைத் தொட்டார். தொண்டையில் ஏதோ திரண்டு வந்தது. அழுதால் கண் சிவக்கும், சாயங்காலம் சாமி பார்த்துக் கேட்பான் என்று அதை அப்படியே விழுங்கினார்.

சுடுகாட்டில்தான் மானம் போயிற்று. தீபன் வராததால் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று நாவிதர் கத்தியோடு வந்து நின்றார். கொள்ளி வைக்கிறவன் தலையையும் மீசையையும் எடுக்க வேண்டும். மொட்டைத் தலையோடு எப்படி வீட்டுக்குப் போவது?

"எனக்கு ஒடம்பு முடியல," என்றார் பொன்னுரங்கம்.

"இன்னாது?" என்றார் பங்காளி ஒருவர்.

"முடியல. வேற யார்னா வைங்க."

கூட்டம் அவரையே பார்த்தது. காறித் துப்பாத குறைதான். "வளத்த கடனுக்காவது ஒரு கொள்ளி வெக்க துப்பில்ல, இவன்லாம் ஒரு தம்பி" என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள். சாவியோ கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட பிள்ளை, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். அவன் வந்து நாவிதர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். முடி விழுந்தது. "எனக்கு பொண்ணு குடுத்தவரு, நான் வெக்கிறேன்" என்று எழுந்து வாங்கினான். பொன்னுரங்கம் கூட்டத்துக்குப் பின்னால் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மீசை மேல் அவருக்கு வந்த அருவருப்பு சொல்லி முடியாது.

குழாயடியில் குளித்து, வேட்டி மாற்றி, பழைய துணியைக் குப்பையில் எறிந்துவிட்டு வீடு வந்தார். தீபன் குளித்துவிட்டுப் பூஜைக்கு உட்காரப் போனவன், அவர் தலையைப் பார்த்துவிட்டு நின்றான். கையை நீட்டி அவர் காதோரத்தில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த எதையோ எடுத்தான். சாமந்தி இதழ்.

"இன்னா சாமி, தலையில பூ?"

பொன்னுரங்கத்துக்கு உயிர் போய்விட்டது. "கோயிலுக்கு போனேன் சாமி."

தீபனின் முகம் மலர்ந்தது. "நீங்களா? கோயிலுக்கா?" அந்த இதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஐயப்பன் படத்துக்கு முன்னால் வைத்தான். சாவு ஊர்வலத்தில் விழுந்த பூ அது. செல்லம்மா அடுப்படியில் நின்று பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அடுத்த இடி. வடசென்னையில் ஒருத்தர் செத்தால் அதைச் சொல்ல வாய் வேண்டாம், சுவர் சொல்லிவிடும். சாவியோ மாமனாருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துத் தண்டையார்ப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒட்டச் சொல்லிவிட்டான். கட்டம் போட்ட சட்டையில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே வரிசையாகப் பெயர்கள். ஆறாவது பெயர், 'மகன் முறை: பொ. தீபன்.'

மூன்று நாள் பொன்னுரங்கம் கடலுக்குப் போகவில்லை. தீபன் வேலைக்குப் போகிற பஸ் தடத்தில் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கினார். மீன் அறுக்கிற கத்தியால் அண்ணனைச் சுரண்டினார். ஈரத் துணியால் நனைத்து நனைத்து, நெற்றியை, கண்ணை, சிரிப்பை, அப்புறம் பெயர்களை. பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். "இன்னா பெருசு, எதிர்க் கட்சியா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார். "மன்ச்சிக்கோண்ணே" என்று ஒவ்வொரு சுவரிலும் முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினார். அப்படியும் அழவில்லை. அழ நேரமில்லை, அடுத்த சுவர் காத்திருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் செல்லம்மாவின் கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டியது. சாமிக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கொப்புளம் போட்டுவிட்டது. அவள் வலிக்காக அழவில்லை. "பாத்தியா? சாமி காட்டிடுச்சி. மொதல்ல என் கை. அப்பால இன்னா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவருக்கு இரண்டு பயம். சொன்னால் மாத்திரை பிள்ளையைக் கொண்டுபோகும். சொல்லாவிட்டால் சாமி கொண்டுபோகும். மலைப் பாதையில் பஸ் கவிழ்கிற மாதிரி, பம்பையில் பிள்ளை முழுகுகிற மாதிரி கண்ணை மூடினால் போதும், வந்துவிடும்.

அதற்குள் வீட்டிலும் ஏதோ மாறியிருந்தது. நாலாம் நாளிலிருந்து தீபன் நேரங்கழித்து வந்தான். ஓவர்டைம் என்றான். பனி ஒத்துக்கொள்ளவில்லை, தொண்டை கட்டிவிட்டது என்று கறுப்புத் துண்டைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டான், படுக்கும்போதும் அவிழ்க்கவில்லை. விடியற்காலையில் "சாமியே சரணம்" என்று தெருவுக்கே கேட்கிற குரல் நின்றுபோனது. ஒரு ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். அப்பனிடம் பேசினால் பெயரில்லாமல் பேசினான். "சாப்டாச்சா?" அவ்வளவுதான். சாமி என்ற சொல் அதில் இல்லை. பொன்னுரங்கம் இதையெல்லாம் பார்த்தார். பயந்தவன் பார்ப்பான், ஆனால் கேட்கமாட்டான். கறுப்பு வேட்டி இடுப்பில் இருக்கிறது, செருப்பில்லாமல் நடக்கிறான், போதும் என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் செல்லம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். "நாளன்னிக்கி இருமுடி கட்றாங்க. தீட்டோட இருமுடி தலைல ஏற வுட மாட்டேன். நீ போயி குருசாமி கால்ல வுழுந்து பரிகாரம் கேளு. இல்லாட்டி இன்னிக்கி நானே சொல்டுவேன்."

குருசாமி கன்னியப்பன் திருவொற்றியூரில் இருந்தார். அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக மலைக்கு ஆள் அழைத்துப் போகிறவர். மத்தியானம் மூன்று மணிக்குப் பொன்னுரங்கம் போய் நின்றபோது இருமுடிக்குத் தேங்காய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு தப்பு பண்ட்டேன்," என்று ஆரம்பித்தவர் எல்லாவற்றையும் கொட்டினார். சாவு, கொள்ளி, மீசை, போஸ்டர், பூ, எண்ணெய். "எதுனா பரிகாரம் சொல்லுங்க. மொட்ட போடறேன், மண்டி போட்டு மலை ஏறுறேன். மாலை மட்டும் கழட்ட சொல்லாதீங்க சாமி. கழட்டுனா எம்புள்ள செத்துடுவான்."

குருசாமி கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். எழுந்து பூஜை அறைக்குள் போனார். ஐயப்பன் படத்தில் மாட்டியிருந்த மாலைகளில் ஒன்றை எடுத்துவந்து நீட்டினார். துளசி மணி மாலை. டாலருக்குப் பக்கத்தில் செல்லம்மா அடையாளத்துக்கு முடிந்துவிட்ட சிவப்பு நூல்.

"ஆறு நாளாச்சி பொன்னுரங்கம். அவனே வந்து கழட்ட சொன்னான். பெரியப்பா செத்துட்டாருன்னான். நான்தான் கழட்டுனேன். ஏம்பா இன்னும் கறுப்பு வேட்டின்னு கேட்டேன். எங்கப்பா பாத்தா தாங்க மாட்டாரு, நானே பதமா சொல்லிக்கறேன்னான். உங்கிட்ட சொல்லலியா?"

ஆறு நாள். ஆறு நாளாகப் பிள்ளை கழுத்தில் ஒன்றுமில்லை. ஆறு நாளாக ஓவர்டைம். எங்கே ஓவர்டைம்?

மாலையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். யார்டு கேட்டில் வாட்ச்மேன் நோட்டைப் பார்த்துவிட்டு, "தீபனா? இந்த வாரமே மூணு மணிக்கெல்லாம் கெளம்பிடறானே சார்," என்றார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினார். எர்ணாவூரில் இறங்கி, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற முள்ளுக்குள் நுழைந்தார். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன். மூன்று பையன்கள் சுவரோரம் சுருண்டு கிடந்தார்கள். ஒருத்தன் குப்புறக் கிடந்தான், கறுப்பு வேட்டி. பொன்னுரங்கம் அவனைப் புரட்டினார். வேறு யார் வீட்டுப் பிள்ளையோ. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். மூச்சு வந்தது. "இன்னா நைனா, வுடு" என்று அவன் கையைத் தட்டிவிட்டான்.

அங்கே இல்லை என்றால் நிம்மதி வர வேண்டும்தானே? வரவில்லை. வேறு எந்த இடமோ, வேறு எந்தச் சுவரோ என்றுதான் தோன்றியது. செல்லம்மாவுக்குப் போன் போட்டார், வீட்டிலும் இல்லை. இனி கேட்பதற்கு ஒரே இடம்தான் பாக்கி. பத்து நாளாக முகம் காட்டாமல் ஒளிந்திருந்த அண்ணன் வீடு. அவமானம் எல்லாம் அப்போது நினைவில் இல்லை. அங்கே அவனைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கலாம், அவ்வளவுதான்.

காசிமேட்டில் அண்ணன் வீட்டு வாசலில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. துக்கம் கேட்க வந்த இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அண்ணன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்தில் காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு தீபன் குந்தியிருந்தான். துண்டு இடுப்பில் இருந்தது. கழுத்து வெறுங்கழுத்து.

அவன் நிமிர்ந்தான். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"நைனா," என்றான்.

ஒரு மாசத்துக்குப் பிறகு அந்தச் சொல். பொன்னுரங்கம் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். மகனைப் பிடித்து இழுத்து, கண்ணை விரித்துப் பார்த்தார், இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். ஊசிப் புள்ளி எங்கேயும் இல்லை. தீபன் கையை இழுத்துக்கொள்ளாமல் காட்டினான்.

"போஸ்டர பாத்துட்டேன் நைனா. டோல்கேட்டாண்ட. பெரிப்பா மூஞ்சி சொரண்டி கீது, அந்த கட்டம் போட்ட சட்டையும் கீழ என் பேரும் மட்டும் ஒட்டினு கீது. மீன் கத்தில சொரண்டுன தடம். யாருன்னு உடனே புரிஞ்சிடுச்சி." அவன் குரல் தடித்தது. "என் பெரிப்பாவுக்கு நான் வெக்க வேண்டிய கொள்ளி. எனுக்கு சொல்லக்கூட இல்ல நீ. அவ்ளோ கோவம். நேரா ஐஸ் கம்பெனிக்குதான் போனேன். பொய் சொல்ல மாட்டேன், வாங்கதான் போனேன்."

பொன்னுரங்கம் மகன் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"மாலையோட வாங்க கை வரல. கழட்டிட்டு வந்து வாங்கிக்கலாம்னு குருசாமிகிட்ட போனேன். கழட்டுனாரு. கழுத்து லேசாயிடுச்சி. அப்போ பயந்துட்டேன் நைனா. அங்க போறதுக்கு முன்ன பெரிம்மா மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டு போலாம்னு இங்க வந்தேன். பெரிம்மா சோறு போட்டாங்க. அன்னிக்கி போவல."

"மறுநாளு?"

"மறுநாளும் இங்கதான் வந்தேன். அதுக்கு மறுநாளும். ஞாயித்துக்கெயம கூட்டத்துல எய்ந்து நின்னு எல்லாத்தையும் சொன்னேன். உன்கிட்டதான் சொல்ல முடியல. மாலை இல்லன்னு தெரிஞ்சா நீ அங்கியே வுழுந்துடுவ."

"அப்போ உன்ன எதுடா புடிச்சிகினு கீது?" பொன்னுரங்கத்தின் குரல் அவருக்கே கேட்கவில்லை. "மாலையும் இல்ல, சாமியும் இல்ல. எது?"

தீபன் யோசித்தான். "தெர்ல நைனா. காலைல எய்ந்திரிக்க சொல்லோ பயமாதான் கீது. ஊதுபத்தி ஏத்தி வெச்சிட்டு, இன்னிக்கி ஒரு நாளு வேணாம்னு கேக்கறேன். யார்கிட்ட கேக்கறேன்னு எனுக்கே தெர்ல. ஐயப்பனோ, பெரிப்பாவோ. கேக்கறேன், அந்த ஒரு நாளு போயிடுது. நாளைக்கி போவுமான்னு கேட்டா, சத்தியமா தெரியாது."

சமையல் கட்டிலிருந்து அண்ணி மங்கம்மா வந்து நின்றாள். வெறும் நெற்றி. சுடுகாட்டில் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை. "புள்ளைய காப்பாத்தறேன்னு ஏன்டா பொன்னு இப்டி பண்ண? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா நான் போஸ்டரே அடிக்க வுட்ருக்க மாட்டேனே," என்றாள். "உள்ள வா. உங்கண்ணன் கீறாரு பாரு."

பொன்னுரங்கம் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். அதே கட்டம் போட்ட சட்டை, அதே சிரிப்பு. மூன்று நாள் கத்தியால் சுரண்டிய அதே சிரிப்பு. இங்கே சுரண்ட வேண்டியதில்லை, யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை என்று மனசுக்கு உறைத்த நொடியில், பத்து நாளாகத் தொண்டையில் நின்றது உடைந்தது.

"அண்ணே!" என்று அலறினார். வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். "அண்ணே, உனுக்கு கொள்ளி வெக்கலியே அண்ணே! எம்புள்ளைய வண்டில வெச்சி மிதிச்சியே, உனுக்கு ஒரு சொட்டு தண்ணி வுடலியே!" என்று தலையைத் தரையில் முட்டினார். தீபன் அவர் நெற்றிக்கும் தரைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தான். அவன் கை மேலேயே முட்டி முட்டி அழுதார். மங்கம்மா தடுக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த அழுகை அன்றைக்குத்தான் முழுசாக வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தானும் அப்பனும் சேர்ந்து மொட்டை போட்டுக்கொள்வதாகத் தீபன் பெரியம்மாவிடம் சொன்னான். அன்று ராத்திரி ஏழு மணிக்கு இரண்டு பேரும் வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். அழுது ஓய்ந்தால் பயமும் போய்விடும் என்று பொன்னுரங்கம் நினைத்திருந்தார். போகவில்லை. இதுவரைக்கும் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று இருந்த பயம், இப்போது அவர் சாகிற வரைக்கும் என்று ஆகிவிட்டது. சட்டைப் பையில் துளசி மாலை உறுத்தியது. எடுத்து மகன் கழுத்தில் மறுபடி போட்டுவிட முடியுமா என்று ஒரு நிமிஷம் பைத்தியக்காரத்தனமாகக் கை கூடப் போனது. எடுக்கவில்லை.

எர்ணாவூர் வந்தது. ஐஸ் கம்பெனிச் சுவர் ஜன்னலுக்கு வெளியே நகர்ந்தது. தீபனும் அதைப் பார்த்தான், அப்பனும் பார்த்தார். பஸ் அங்கே ஆள் ஏற்ற நின்றது. பொன்னுரங்கத்தின் கை தானாகப் போய் மகனின் பிடரியில் உட்கார்ந்தது.

"இன்னா நைனா?"

"ஒண்ணியும் இல்லடா."

கழுத்து வெறுமையாக, சூடாக இருந்தது. பஸ் கிளம்பிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.